அங்கன்வாடி வாசலில் பத்து நிமிடம்



நம் சங்க இதழில் விழாச் செய்திகள் வருகின்றன. இலக்கியக் கட்டுரைகள் வருகின்றன. பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளின் படங்கள் வருகின்றன. மூன்று வயதுக் குழந்தைகளைப் பற்றி யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. எனவே அதை எழுதலாம் என்று துணிந்தேன். நான் கல்வியாளன் அல்லன். டிப்ளமா படித்துவிட்டு, ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்து ஓய்வு பெற்றவன். ஒரு தகப்பனாக நான் செய்யாமல் விட்டதையும், ஒரு தாத்தாவாக இப்போது கற்றுக்கொண்டதையும் மட்டுமே இங்கே சொல்லப் போகிறேன்.

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறை. பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகாவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஊர். கிழக்கே கொஞ்ச தூரம் போனால் பொள்ளாச்சிப் பக்கம் வந்துவிடும். எருத்தேன்பதி, வடகரப்பதி, வேலந்தாவளம், ஒழலப்பதி என்று சுற்றியுள்ள ஊர்களிலும் வீட்டுக்குள் தமிழ்தான் பேச்சு. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது இந்தப் பகுதி கேரளத்தில் நின்றது. அது யாருக்கும் குறையாக இல்லை. கடையில் மலையாளம், வயலில் தமிழ், சந்தையில் இரண்டும் கலந்தது என்று வாழப் பழகிவிட்டோம். மலையாளத்தின் தந்தை என்று போற்றப்படும் துஞ்சத்து எழுத்தச்சன் தம் கடைசிக் காலத்தைக் கழித்த இடம் எங்கள் சித்தூர்தான். அதே சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழும் படிக்கலாம்.

இரண்டு மொழி பேசும் பெரியவர்களுக்கு இங்கே சிரமம் இல்லை. சிரமம், ஒரு மொழி மட்டுமே பேசத் தெரிந்த மூன்று வயதுக் குழந்தைக்கு.

பேசாத பேத்தி

என் மகன் குவைத்தில் வேலை பார்க்கிறான். மருமகளும் பேத்தியும் எங்களோடு இருக்கிறார்கள். பேத்திக்கு மூன்று வயது முடிந்ததும் எங்கள் வார்டு அங்கன்வாடியில் சேர்த்தோம். வீட்டில் அவள் வாய் ஓயாது. கோழியோடு பேசுவாள், அம்மிக்கல்லோடு பேசுவாள். அங்கன்வாடியில் சேர்த்து மூன்று வாரம் கழித்து டீச்சர் என் மருமகளை அழைத்து, குழந்தைக்குக் காதில் ஏதும் கோளாறு இருக்கிறதா, டாக்டரிடம் காட்டினீர்களா என்று கேட்டிருக்கிறார். பிள்ளை ஒரு வார்த்தை பேசுவதில்லையாம்.

மருமகள் அழுதுகொண்டு வந்தாள். மறுநாள் நானே போனேன். டீச்சரிடம் அனுமதி கேட்டு, ஒரு மூலையில் பாயில் உட்கார்ந்தேன். டீச்சர் நல்ல மனுஷி. ஒற்றப்பாலம் பக்கத்திலிருந்து மணமாகி இங்கே வந்தவர். தமிழ் அப்போதுதான் காதில் விழத் தொடங்கியிருந்தது. படத்தில் ஒரு பசுவைக் காட்டி, என் பேத்தியின் கன்னத்தைத் தொட்டு, "பற மோளே, பற" என்று அன்பாகக் கேட்டார். மலையாளத்தில் 'பற' என்றால் 'சொல்' என்று பொருள். என் பேத்திக்குத் தெரிந்த 'பற' காக்கை பறப்பது. அவள் இரண்டு கைகளையும் விரித்துச் சிறகடித்தாள். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். அதன் பிறகு அன்று முழுதும் அசையவில்லை.

எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. வீட்டுக்கு நடந்து வரும்போது சிரிப்பு நின்றுவிட்டது. காது கேட்காத பிள்ளை என்று மூன்று வாரத்தில் ஒரு பெயர் வந்துவிட்டது. நான் போய் உட்காராமல் இருந்திருந்தால் அந்தப் பெயர் மூன்று வருஷம் நின்றிருக்கும்.

பாதை மாறும் இடம்

பாலக்காடு–பொள்ளாச்சிப் பாதை 1932-இல் மீட்டர் கேஜாகப் போடப்பட்டது. பாலக்காட்டிலிருந்து மற்ற ஊர்களுக்குப் போகும் பாதையோ அகலப் பாதை. பொள்ளாச்சியிலிருந்து வருகிறவர் மூட்டையை இறக்கி, மறுவண்டி தேடி ஏற வேண்டும். மீட்டர் கேஜ் வண்டி ஓடிய வரை நிலைமை இதுதான்; 2015-இல் அகலப் பாதையாக மாற்றித் திறந்தார்கள். வண்டி மாறும் இடத்தில்தான் சாமான் தொலையும் என்பது ரயில்வேயில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

எங்கள் ஊர்க் குழந்தை மூன்று வயதில் இப்படித்தான் வண்டி மாறுகிறது. வீட்டிலிருந்து முதல்முறையாக வெளியே வரும் அதே நாளில் மொழியும் மாறுகிறது. கையில் இருக்கும் மூட்டை அது அதுவரை கற்ற சொற்கள். அதை இறக்கி ஏற்ற ஆள் வேண்டும். அந்த ஆள் தாயும் தகப்பனும்தான். அவர்கள் இல்லாவிட்டால் வீட்டிலுள்ள பெரியவர்கள்.

அரசியல் சட்டத்தின் 350-அ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வி நிலையில் தாய்மொழியில் கற்க வசதி செய்ய வேண்டும் என்கிறது. 1956-இல் ஏழாவது திருத்தத்தின் மூலம் சேர்க்கப்பட்ட பிரிவு இது. இதைக் காட்டித்தான் நம் முன்னோர் தமிழ்ப் பள்ளிகளையும் தமிழ்ப் பிரிவுகளையும் காப்பாற்றினார்கள். ஆனால் அந்தப் பிரிவு பேசுவது தொடக்கக் கல்வியைப் பற்றி. அங்கன்வாடி அதற்கு முந்தைய படி. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை மூன்று முதல் எட்டு வயது வரையிலான ஐந்து ஆண்டுகளை ஒரே அடித்தள நிலையாகச் சேர்த்துப் பார்க்கிறது. வீட்டு மொழிக்கு முதலிடம் தரச் சொல்கிறது. கொள்கை தாளில் இருக்கிறது. குழந்தை இன்று காலை ஒன்பதரை மணிக்குப் பாயில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பெற்றோர்தாம் நிரப்ப வேண்டும்.

முற்றத்தில் பிறந்த பள்ளி

அங்கன்வாடி என்பது பெற்றோர் வெளியே நிற்க வேண்டிய சர்க்கார் கட்டிடம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அதன் பிறப்பு அப்படியல்ல. 1945-இல் மராட்டியத்துப் போர்டி என்ற ஊரில் தாராபாய் மோடக் அம்மையார், அனுதாய் வாக் என்ற இளைய துணையோடு, ஏழைக் குழந்தைகளுக்குப் பாலர் பள்ளி நடத்தினார். பிள்ளைகள் பள்ளிக்கு வரவில்லை. உடனே அவர் பள்ளியைப் பிள்ளைகளின் வீட்டு முற்றத்துக்குக் கொண்டு போனார். அங்கணம் என்றால் முற்றம். அங்கன்வாடி என்ற பெயர் அதிலிருந்து வந்தது. தாய் பாத்திரம் துலக்கிக்கொண்டே பார்க்கும் தூரத்தில் பாடம் நடந்தது.

1975 அக்டோபர் 2-ஆம் தேதி மத்திய அரசு ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தை 33 வட்டாரங்களில் தொடங்கியது. கேரளத்தில் முதலில் மலப்புறம் மாவட்டத்து வேங்கரையில் தொடங்கினார்கள். இன்று கேரளத்தில் மட்டும் 33 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள். முற்றம் கட்டிடமாகியது, கட்டிடத்துக்குக் கேட் வந்தது. கேட் வந்ததும் தாய்மார் கேட்டோடு நின்றுகொண்டார்கள். குழந்தையை இறக்கிவிட்டு, கையசைத்துவிட்டு, வேலைக்கு ஓட வேண்டிய அவசரம் அவர்களுக்கு.

பிறகு எப்போது உள்ளே போகிறோம்? ஆண்டு விழாவுக்கு. பிள்ளைக்கு ரோஜாப்பூ வேஷம் போட்டுக் கூட்டிப் போகிறோம். போட்டோ எடுக்கிறோம். பெற்றோர் பங்கேற்பு அத்தோடு முடிகிறது.

ரயில்வேயிலும் ஆண்டு இன்ஸ்பெக்ஷன் உண்டு. தனி வண்டியில் பெரிய அதிகாரிகள் வருவார்கள். நிலையத்துக்குச் சுண்ணாம்பு அடிப்போம், பூந்தொட்டி வைப்போம். ஆனால் வண்டி கவிழாமல் காப்பாற்றுவது அந்த இன்ஸ்பெக்ஷன் அல்ல. கீமேன் என்று ஒருவர் உண்டு. தோளில் சுத்தியலும் ஸ்பேனருமாகத் தினமும் தன் எல்லைக்குள் பாதையை நடந்தே பார்ப்பவர். ஒரு சாவி தளர்ந்திருந்தால் அங்கேயே தட்டி இறுக்குவார். அவர் படித்தது கொஞ்சம்தான். ஆனால் தினமும் பார்க்கிறார். குழந்தைக்குத் தாய் தகப்பன் கீமேனாக இருக்க வேண்டும். எங்கள் வார்டில் கடந்த இரண்டு ஆண்டுகளில் நாங்கள் செய்து பார்த்தவற்றைச் சொல்கிறேன். எதற்கும் பெரிய படிப்பு தேவைப்படவில்லை.

நாங்கள் செய்தவை

முதலாவது, வாசலில் பத்து நிமிடம். பிள்ளையை விட வரும்போதோ அழைக்க வரும்போதோ பத்து நிமிடம் உள்ளே உட்காருவது என்று சில குடும்பங்கள் பேசி வைத்துக்கொண்டோம். எல்லாரும் தினமும் வர முடியாது. தோட்ட வேலைக்குப் போகிறவர் திங்கள், கடை வைத்திருப்பவர் புதன் என்று முறை வைத்தோம். டீச்சரிடம் ஒரே ஒரு கேள்வி: "இன்று பிள்ளை என்ன செய்தாள்?" குறை கேட்கப் போவதில்லை என்று தெரிந்ததும் டீச்சருக்கும் கூச்சம் போய்விட்டது.

இரண்டாவது, சொல் பட்டியல். நானும் மருமகளும் இன்னும் இரண்டு தாய்மாரும் டீச்சரோடு உட்கார்ந்து, குழந்தைக்கு அவசரமாகத் தேவைப்படும் முப்பது சொற்களை இரண்டு மொழியிலும் எழுதினோம். மலையாளத்தில் வெள்ளம் என்றால் குடிக்கும் தண்ணீர். நமக்கு அது ஆற்றில் வருவது. விசப்பு என்றால் பசி. உறக்கம் என்றால் தூக்கம். பேடி என்றால் பயம். எல்லாவற்றிலும் முக்கியமானது 'வலிக்குது' என்ற சொல். மலையாளத்தில் வலிப்பது என்றால் இழுப்பது. பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு 'வலிக்குது' என்று சொன்னால் டீச்சருக்குப் புரிந்தாக வேண்டும். அந்தத் தாளைச் சுவரில் ஒட்டினோம். டீச்சர் தமிழ்ச் சொற்களைச் சொல்லிப் பழகினார். பேத்தி மலையாளச் சொற்களைப் பிடித்துக்கொண்டாள். ஐந்தாவது வாரம் அவள் முதல்முதலாக அங்கே வாய் திறந்து கேட்டது "வெள்ளம்".

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மலையாளம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. எங்கள் பிள்ளைகள் இந்த மண்ணில் பிழைக்க வேண்டும். அந்த மொழியை நன்றாகக் கற்க வேண்டும். தெரிந்த மொழியைக் கைப்பிடிச் சுவராகப் பிடித்துக்கொண்டு தெரியாத மொழிக்குள் இறங்கட்டும் என்பதே எங்கள் கோரிக்கை.

மூன்றாவது, பாட்டிமார் வெள்ளிக்கிழமை. வாரம் ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்கு முன் அரை மணி நேரம் வார்டிலுள்ள ஒரு பாட்டி வந்து கதை சொல்வார். என் மனைவி பல்லாங்குழியைத் தூக்கிக்கொண்டு போனாள். புளியங்கொட்டையை ஒவ்வொன்றாகக் குழியில் போட்டு எண்ணும்போது எண்ணிக்கையும் வருகிறது, விரலுக்குப் பழக்கமும் வருகிறது. சின்னப் பிள்ளைகள் கொட்டையை வாயில் போட்டுவிடாமல் ஒரு தாய் பக்கத்திலேயே இருக்க வேண்டும். மலையாளம் பேசும் வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து விளையாடினார்கள். அவர்கள் வீட்டுப் பாட்டி ஒருவரும் அடுத்த வாரம் தம் கதையோடு வந்தார்.

நான்காவது, எடை அட்டை. அங்கன்வாடியில் குழந்தையின் எடையைப் பார்த்து அட்டையில் புள்ளி வைத்துக் கோடு இழுப்பார்கள். அதை நாம் பார்ப்பதே இல்லை. தமிழ்நாட்டில் 1980-இல் மதுரை மாவட்டத்தில் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில் மாதந்தோறும் எடை பார்த்து, தாய்க்கே அந்தக் கோட்டைக் காட்டினார்கள். வளர்ச்சி தளர்ந்த குழந்தைக்குத் துணை உணவு கொடுத்தார்கள். கோட்டைப் படிக்க எழுத்தறிவு தேவையில்லை. கோடு மேலே ஏறினால் நல்லது. படுத்துவிட்டால் விசாரிக்க வேண்டும். இறங்கினால் உடனே சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும்.

ஐந்தாவது, சாப்பாடு. 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு அங்கன்வாடி உணவு உரிமை, தர்மம் அல்ல. தட்டில் என்ன விழுகிறது, பிள்ளை எதைத் தின்கிறது, எதை ஒதுக்குகிறது என்பதைத் தாய்தான் சொல்ல முடியும். 2025-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஆலப்புழை மாவட்டத்தில் ஒரு சின்னப் பையன், அங்கன்வாடியில் உப்புமாவுக்குப் பதில் பிரியாணியும் பொரித்த கோழியும் வேண்டும் என்று மழலையில் சொன்னான். அதை அவன் தாய் படம் பிடித்துப் போட, கேரளம் முழுதும் பார்த்துச் சிரித்தது. அமைச்சரும் பார்த்தார். அவ்வாண்டு ஜூன் மாதம் வெளியான புதிய உணவுப் பட்டியலில் முட்டை பிரியாணி இடம்பெற்றது. பிள்ளை சொன்னதை ஒரு தாய் அலட்சியம் செய்யாமல் கேட்டதால் மாநிலம் முழுதும் உள்ள குழந்தைகளின் தட்டு மாறியது.

ஆறாவது, தகப்பன்மார் வேலை. எங்கள் அங்கன்வாடியில் கை கழுவும் குழாய் மூன்றரை அடி உயரத்தில் இருந்தது. பெரியவர்கள் நின்று கழுவும் உயரம். ஆயாதான் ஒவ்வொரு பிள்ளையையும் தூக்கிப் பிடித்துக் கழுவிவிட வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐந்து தகப்பன்மாரும் நானுமாகச் சேர்ந்து குழாயை ஒன்றே முக்கால் அடிக்கு இறக்கினோம். செலவு ஆளுக்கு நூறு ரூபாய் கூட ஆகவில்லை. அங்கன்வாடி என்றால் பெண்கள் சமாசாரம் என்று ஒதுங்கி நின்றவர்கள், அன்று முதல் "என் குழாய் எப்படி இருக்கு" என்று கேட்டுக்கொண்டு உள்ளே வருகிறார்கள்.

ஏழாவது, குழுவும் கிராம சபையும். ஒவ்வொரு அங்கன்வாடிக்கும் ஒரு கண்காணிப்பு உதவிக் குழு உண்டு. வார்டு உறுப்பினர் தலைவர். ஆஷா பணியாளர், பெற்றோர், ஓய்வு பெற்ற அரசு ஊழியர் போன்றோர் உறுப்பினராகலாம். மாதம் ஒருமுறை கூட வேண்டும். பெற்றோருக்கென்று மாதத்தில் ஒருநாள் முன்பருவக் கல்வி நாள் வைப்பதும் திட்டத்தில் உண்டு. பல இடங்களில் இவை ரிஜிஸ்டரில் மட்டும் நடக்கும். ஏனென்றால் நாம் கேட்பதில்லை. குழுவில் தீராதது கிராம சபைக்குப் போகட்டும். 1994-ஆம் ஆண்டின் கேரள பஞ்சாயத்து ராஜ் சட்டப்படி மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது வார்டு கிராம சபை கூட வேண்டும். அங்கே எழுந்து நின்று, "எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் படப் புத்தகங்களும் வாங்கிக் கொடுங்கள்" என்று தமிழிலேயே கேட்கலாம். நான் கேட்டேன். யாரும் முகம் சுளிக்கவில்லை. இதற்குமுன் யாரும் கேட்டதில்லை என்று மட்டும் சொன்னார்கள்.

எட்டாவது, ஒன்றாம் வகுப்பு. ஜூன் மாதம் வந்த பிறகு யோசிக்கக் கூடாது. முந்தின ஆண்டே அருகிலுள்ள பள்ளியில் தமிழ்ப் பிரிவு இருக்கிறதா, எத்தனை பிள்ளைகள் என்று போய்ப் பார்க்க வேண்டும். பிள்ளைகள் சேராவிட்டால் பிரிவு நிலைக்காது. எந்த மொழியில் சேர்ப்பது என்பது அவரவர் முடிவு. ஆனால் தெரிந்து எடுத்த முடிவாக இருக்கட்டும். வேன் வீட்டு வாசலுக்கு வருகிறது என்பதற்காக எடுத்த முடிவாக இருக்க வேண்டாம்.

வெளிநாடுகளில் கண்டது

இதெல்லாம் கிராமத்துப் பெரியவர் ஒருவரின் ஆசை என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து இப்சிலாண்டி நகரில் 1962 முதல் 1967 வரை பெரி பாலர் பள்ளி என்ற முயற்சி நடந்தது. 123 ஏழைக் கறுப்பினக் குழந்தைகளில் 58 பேர் பாலர் பள்ளிக்குப் போனார்கள், மற்றவர்கள் போகவில்லை. வகுப்போடு நில்லாமல் ஆசிரியர் வாரம் ஒருமுறை ஒவ்வொரு வீட்டுக்கும் போய், ஒன்றரை மணி நேரம் தாயோடும் பிள்ளையோடும் உட்கார்ந்தார். அந்தக் குழந்தைகளை நாற்பது வயது வரை தொடர்ந்து பார்த்தார்கள். பாலர் பள்ளிக்குப் போனவர்களில் பள்ளிப் படிப்பை முடித்தவர் அதிகம், வருமானம் அதிகம், போலீஸ் வழக்குகளில் சிக்கியவர் குறைவு.

நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் நியூசிலாந்து. அங்குள்ள மாவோரி மக்களின் மொழி வீடுகளிலிருந்தே மறையத் தொடங்கியிருந்தது. பாட்டன் பாட்டிக்கு மொழி தெரியும், பேரப் பிள்ளைகளுக்குத் தெரியாது. 1982-இல் வெலிங்டன் அருகே ஒரு பாலர் நிலையம் தொடங்கினார்கள். அதன் பெயருக்கு மொழிக்கூடு என்று பொருள். பாட்டன் பாட்டிகள் வந்து, குழந்தைகளோடு மாவோரி மொழியில் மட்டும் பேசினார்கள். நடத்தியவர்கள் குடும்பத்தார். சில ஆண்டுகளில் நாடு முழுதும் நூற்றுக்கணக்கான மொழிக்கூடுகள் தோன்றின. எங்கள் பாட்டிமார் வெள்ளிக்கிழமையைத் தொடங்கியபோது இதைப் பற்றி எனக்குத் தெரியாது. பிறகு படித்துத் தெரிந்துகொண்டபோது, சரியான பாதையில்தான் போகிறோம் என்று தைரியம் வந்தது.

நான் செய்யாமல் விட்டது

இவ்வளவு சொல்கிற நான் என் மகனுக்கு என்ன செய்தேன்? 1992-இல் அவனுக்கு நான்கு வயது. அப்போது வேறு ஊரில் வேலை. குவார்ட்டர்ஸுக்கு அருகே ஒரு நர்சரிப் பள்ளியில் சேர்த்தோம். பெற்றோர் கூட்டம் என்று சீட்டு வரும். எனக்குப் பாதையில் வேலை இருக்கும். ஒருமுறை கூடப் போனதில்லை. என் மனைவிக்கு அந்த ஊர் மொழி தெரியாது. தயங்கி வாசலிலேயே நின்றுவிடுவாள்.

என் மகன் இடது கைப் பழக்கம் உள்ளவன். அந்தப் பள்ளியில் அவன் இடது கையில் பென்சில் பிடிக்கும் போதெல்லாம் அளவுகோலால் தட்டியிருக்கிறார்கள். ஒரு வருஷம் முழுதும். வீட்டில் அவன் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. கோடை விடுமுறையில் ஊருக்கு வந்தபோது, சாப்பிட உட்கார்ந்தவன் இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டான். என் அம்மாதான் அதைக் கவனித்து, "ஏன் சாமி கையை ஒளிச்சு வைக்கிற?" என்று கேட்டார். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தண்டவாளத்தில் எந்த போல்ட் தளர்ந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். என் வீட்டுப் பிள்ளை கையை ஒளித்து வைத்தது தெரியவில்லை.

சென்ற ஆண்டு அவன் விடுமுறையில் வந்தபோது, தன் மகளை அங்கன்வாடிக்கு அவனே கூட்டிப் போனான். பத்து நிமிடம் என்று போனவன் ஒரு மணி நேரம் கழித்துத்தான் வந்தான். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவனும் ஒன்றும் சொல்லவில்லை.

வெளியூர் வாழ் அன்பர்களுக்கு

இந்த இதழைப் படிக்கும் உங்களில் சிலர் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வேலை பார்க்கிறீர்கள். சிலர் பிள்ளைகளை உடன் வைத்துக்கொண்டு வேற்று மொழி நர்சரிக்கு அனுப்புகிறீர்கள். கொழிஞ்சாம்பாறைக் குழந்தைக்கு நேர்வதுதான் உங்கள் குழந்தைக்கும் அங்கே நேர்கிறது. மொழி மட்டும் வேறு.

தூரத்தில் இருப்பவர் போனில் பேசும்போது "நல்லாப் படிச்சியா?" என்று கேட்காதீர்கள். மூன்று வயதுப் பிள்ளைக்கு அதில் சொல்ல ஒன்றும் இல்லை. "யார் கூட விளையாடினே? யார் அழுதாங்க?" என்று கேளுங்கள். பிள்ளை கதை கதையாகச் சொல்லும். என் மகன் இரவில் வீடியோவில் பத்து நிமிடம் கதை சொல்கிறான். பேத்தி அதை மறுநாள் அங்கன்வாடியில் அரைத் தமிழிலும் அரை மலையாளத்திலுமாகச் சொல்கிறாளாம்.

பிள்ளைகளை உடன் வைத்திருப்பவர்கள் நர்சரி ஆசிரியையைப் போய்ப் பாருங்கள். எங்கள் முப்பது சொல் பட்டியலைப் போல் ஒன்றை உங்கள் ஊர் மொழியில் எழுதிக் கொடுங்கள். உங்களுக்கு அந்த மொழி சரியாகப் பேச வராவிட்டாலும் பரவாயில்லை. பெற்றோர் தடுமாறிப் பேசுவதைப் பார்க்கும் குழந்தைக்குத் தானும் தடுமாறலாம் என்ற தைரியம் வரும். கூச்சப்பட்டு வாசலில் நின்றால் கூச்சத்தைத்தான் அது கற்கும்.

நம் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புகள் பெரும்பாலும் எழுத்துத் தெரியும் பிள்ளைகளுக்கு. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு எழுத்து வேண்டாம். ஒரு பாயும், இரண்டு தாத்தா பாட்டிகளும், அரை மணி நேரமும் போதும். ஊரிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க வந்து, பால்கனியில் பொழுது போகாமல் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் உங்கள் ஊரில் நிறைய இருப்பார்கள். அவர்களைக் கேட்டுப் பாருங்கள்; ஓடி வருவார்கள்.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். பெற்றோரைப் பொறுத்தவரை ஐம்பதிலும் வளையலாம், அறுபதிலும் வளையலாம் என்பதற்கு நானே சாட்சி. இந்த வாரம் ஒருநாள், உங்கள் பிள்ளை படிக்கும் இடத்து வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ப் பத்து நிமிடம் உட்காருங்கள். அங்கே கண்டதை இந்த இதழுக்கு எழுதுங்கள். நாலு பேர் எழுதினால் நாற்பது குடும்பங்களுக்கு உதவும்.